கழுத்தில் வைத்த ஒட்டு

உக்காருங்க சார். பெட்டியத் தொறக்காதிய, கொஞ்சம் பொறுங்க. மதுரையில இருந்து பஸ் ஏறி வந்திருக்கிய, மொதல்ல டீயக் குடிங்க. முருகன்குறிச்சி டீ நல்லாருக்கும்.

வந்ததும் என்ன சொன்னிய? "பேஸ்புக்ல அந்தச் சின்னக் கிட்டார் போட்டோவப் பாத்தேன், அதே மாதிரி எனக்கும் பண்ணிக் குடுங்க"ன்னிய. எல்லாரும் அதத்தான் சொல்லுதாவ. நாகர்கோயில்ல இருந்து ஒருத்தர் வந்தாரு, அதே மாதிரின்னாரு. தூத்துக்குடிக்காரர் ஒருத்தர், அவரும் அதே மாதிரி. நானும் சரின்னு சொல்லி வாங்கி வச்சிக்கிடுவேன். உள்ளூர்க்காரங்ககிட்ட வாயத் தொறக்க மாட்டேன். நீங்க வெளியூரு. பாளையங்கோட்டையில ஒங்களுக்கு யாரையும் தெரியாதுல்லா? நெசமா தெரியாதுல்லா? அப்பம் சொல்லுதேன்.

என் பேரு சுடலைமணி. போர்டுல மணி கிட்டார் ஒர்க்ஸ்னு மட்டும் போட்டிருக்கேன். பெங்களூர்ல ஏழு வருஷம் ஒரு கடையில வேல பாத்தவன். பொறவு இங்க வந்து கடையப் போட்டேன். இந்த ஊர்ல எத்தன சர்ச்சு உண்டோ அத்தன சர்ச்சுக் கிட்டாரும் என் கைக்கு வந்திருக்கு. நான் சுடலைமாடன் கும்புடுதவன், ஆனா கொயர்க்காரங்க பூராப் பேரையும் எனக்குத் தெரியும், அவியளுக்கும் என்னையத் தெரியும். பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொல்லுதேன்னு வச்சிக்கிடுங்க.

போன வருஷம் மார்ச் மாசம் ஹெப்சி டீச்சர் வந்துச்சு. ஹெப்சிபா, பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். கையில பழைய பெட்ஷீட்டுல சுத்தின கிட்டார். "அண்ணே, இது எங்க அப்பாவுது. வார மே மாசம் அப்பாவுக்கு எழுவது முடியுது. வீட்டுல ஸ்தோத்திரக் கூட்டம் வைக்கோம். அப்பா கண்ணு ஆபரேஷனுக்காக ஓசூர்ல அண்ணன் வீட்டுல இருக்காவ. வாரதுக்குள்ள இதப் புதுசாட்டம் ஆக்கித் தாங்க. அப்பாவுக்கு மூச்சு காட்டக் கூடாது"ன்னு சொல்லிச்சு. சொல்லும்போதே அதுக்குக் கண்ணு கலங்கிட்டு. அப்பா மேல அம்புட்டு உசிரு.

பெட்ஷீட்ட உருவினேன். சின்னக் கிட்டார். இப்பம் கடையில விக்கிற கிட்டாருக்குப் பக்கத்துல வச்சா தங்கச்சி மாதிரி இருக்கும். ஒடுங்கின இடுப்பு, தலையில நீளத் துளை போட்டு கம்பி முறுக்குற சாவி மாட்டின பழைய காலத்து வேல. பின்பலகை ஈட்டி மரம். மேப்பலகை தேன் கலருக்கு வந்திருந்துச்சு. உள்ள ஒட்டின சீட்டுல பாதியப் பூச்சி தின்னுட்டு, கல்கத்தான்னு மட்டும் வாசிக்க முடிஞ்சது. நூறு வருஷம் இருக்கும். மிஷன் ஆஸ்பத்திரியில இருந்த வெள்ளக்கார நர்சம்மா ஊருக்குத் திரும்பும்போது ஹெப்சி அப்பாவுக்குக் குடுத்துட்டுப் போனதாம். இந்த மாதிரி ஒண்ண பெங்களூர்லயே ரெண்டு தடவதான் பாத்திருக்கேன். ரெண்டு தடவையும் என் முதலாளி என்னையத் தொட விடல.

அப்படிப்பட்ட சாமானை எவனோ கொன்னு வச்சிருந்தான். அப்படித்தான் நெனச்சேன்.

கேளுங்க. கழுத்துல, நாம புடிக்கும்போது பெருவெரல் வார பக்கம், மரத்தச் செதுக்கிக் குழியாக்கியிருந்தான். தலைமாட்டுல கம்பி உக்காருற எலும்பு இருக்குல்லா, அதுல கம்பிக்கு வெட்டின காடி பூராக் கோணல். ரெண்டு கம்பி ஒட்டிக்கிட்டு நிக்கி, மத்தது தள்ளித் தள்ளி நிக்கி. ஆறு கம்பி இருக்க வேண்டிய எடத்துல அஞ்சுதான். ஆறாவது சாவியக் கழத்திட்டு ஓட்டையில மரக்கட்டைய அடிச்சிருந்தான். கழுத்துக்குக் குறுக்க பித்தளையில மெட்டு இருக்கும், அத ஒரு பக்கமாச் சரிச்சு அரம் போட்டு ராவியிருந்தான். கம்பி எல்லாம் தொட்டாப் படுத்துரும் போலத் தாழக் கெடக்கு.

எனக்கு ஒரு பழக்கம். வேலயத் தொடங்கதுக்கு முன்னால ஒவ்வொரு கொறைக்கும் பக்கத்துல ஸ்டீல் ஸ்கேல வச்சு போட்டோ எடுத்துருவேன். எவ்வளவு ஆழம், எவ்வளவு கோணல்னு மில்லிமீட்டர் சுத்தமாத் தெரியணும். பெங்களூர்ல படிச்சது. எடுத்து பேஸ்புக்ல என் பக்கத்துல போடுவேன். இதுக்கும் போட்டேன். மேல ஒரு வரி எழுதினேன், "எந்தக் கொத்தனார் பாத்த வேலையோ, கண்டுபிடிச்சுச் சொன்னா ஒரு செட் கம்பி இலவசம்"னு. நானூறு பேரு சிரிச்சிருந்தாவ. நீங்களும் பாத்திருப்பிய.

ஒரு கேள்வி கேட்டிருக்கணும். அப்பா இத எப்படி வாசிப்பாவ, எங்க, வாசிக்கும்போது நான் ஒரு தடவ பாக்கட்டுமான்னு. டாக்டரே ஆளப் பாக்காம மருந்து எழுத மாட்டாரு. நான் கேக்கல. ஹெப்சியும் சொல்லலேல்லா? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சரி, அதுக்கு என்ன தெரியும், பொறந்ததுல இருந்து அந்தக் கிட்டார அப்படியேதான் பாத்திருக்கு. எந்தக் கம்பி எதுக்குன்னு கேட்டா முழிக்கும்.

ஒம்பது வாரம் வேல பாத்தேன். மேப்பலகையில ஒரு வெடிப்பு, முக்கா அடி நீளம். வஜ்ஜிரம் காச்சி ஒட்டி, உள்ள இருந்து சிலுவ சிலுவயா தாங்கு குடுத்தேன். இன்னைக்கு நீங்க பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தாலும் அந்த வெடிப்பு தெரியாது. அது நல்ல வேல சார், அதுல ஒரு கொறையும் கெடையாது. அத நான் எங்க வேணும்னாலும் சொல்லுவேன். கழுத்துக் குழிக்கு ஒரே சாதி மரமாத் தேடி, ரேகைக்கு ரேகை சேத்து ஒட்டு வச்சேன். புது எலும்புல காடி சமமா வெட்டினேன். மரக்கட்டையப் புடுங்கிட்டு ஆறாவது சாவி. மெட்டு பூராப் புதுசு. அரக்கு பாலிஷ் துணியில முக்கி முக்கி இருவது நாள் போட்டேன். முடிச்சு நிமித்தி வச்சப்பம் கல்கத்தாவுல அன்னைக்குச் செஞ்சு எறக்கின மாதிரி இருந்துச்சு. நானே ஒரு மணி நேரம் சும்மாப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

மே மாசம் ரெண்டாஞ் சனிக்கிழம சாயந்தரம் கூட்டம். வாசல்ல ஷாமியானா, நாப்பது அம்பது சேர். ஐயர் வந்து ஜெபம் பண்ணினாரு. எங்க பக்கம் சர்ச்சுப் போதகர ஐயர்னுதான் சொல்லுவாவ. கீர்த்தனை பாடினாவ. பெரியவருக்குப் பொன்னாடை போத்தினாவ. அவிய பேரு அருமைநாயகம். புத்தகம் அச்சடிக்கிற ஒரு பிரஸ்ல பைண்டிங் செக்‌ஷன்ல இருந்து ரிட்டயர் ஆனவிய. ஒல்லியான ஆளு, சத்தமாப் பேச மாட்டாவ. போத்தின பொன்னாடைய இழுத்து இடது கைக்கு மேல விட்டுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தாவ. வெயிலுக்கு அத எதுக்கு இழுத்து மூடுதாவன்னு ஒரு கண நேரம் நெனச்சேன், அம்புட்டுத்தான்.

ஹெப்சி பெட்டியக் கொண்டு வந்து மடியில வச்சுத் தொறந்துச்சு. கூட்டம் பூரா ஆன்னுச்சு. அருமைநாயகம் அண்ணாச்சி கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாத்தாவ. வலது கைப் பெருவெரலால கழுத்தத் தடவினாவ. மேலயும் கீழயும் தடவிக்கிட்டே இருந்தாவ. ஒட்டு எங்கன்னு தேடுதாவ, கெடைக்கல, அம்புட்டு நேக்கா வச்சிருக்கோம்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குளிர்ச்சி.

ஐயர் மைக்க வச்சிருந்தாரு. யாரும் என்னையப் பேசச் சொல்லல. நானாத்தான் வாங்கினேன். இந்தக் கிட்டாரோட வரலாறு என்ன, வயசு என்ன, என்னென்ன கோளாறு, எப்படிச் சரி பண்ணினேன்னு வரிசையாச் சொன்னேன். போன்ல இருந்த போட்டோவ எல்லாம் காட்டினேன். முன் வரிசையில இருந்து பின் வரிசை வரைக்கும் போன் சுத்தி வந்துச்சு. எவனோ ஒரு வெவரங்கெட்டவன் கையில இது மாட்டியிருக்குன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாவ. அந்தச் சிரிப்பு இருக்குல்லா சார், அது ஒரு போதை. அதோட நிறுத்தாம அண்ணாச்சி பக்கம் திரும்பி, "சொல்லுங்க அண்ணாச்சி, யாரு கையில குடுத்திய இத? யாரு அந்த மகராசன்?"ன்னு கேட்டேன்.

அண்ணாச்சி நிமிந்து என்னையப் பாத்தாவ. "அது ஒரு வெவரம் இல்லாத பய தம்பி. பழைய கத"ன்னாவ. அதுக்கும் எல்லாரும் சிரிச்சாவ. அவியளும் சிரிச்சாவ.

ஒரு பாட்டு வாசிங்க தாத்தான்னு பிள்ளைய கத்துச்சு. கண்ணு ஆபரேஷன் பண்ணியிருக்கு, டாக்டர் தலையக் குனியக் கூடாதுன்னு சொல்லியிருக்காருன்னு சொல்லி, அண்ணாச்சி கிட்டாரக் கொயர் மாஸ்டர்கிட்ட நீட்டினாவ. அவரு வாசிச்சாரு. மணி மாதிரி கேட்டுச்சு. நான் கேசரியும் போண்டாவும் தின்னுட்டு, கை குடுத்தவிய எல்லாருக்கும் கார்டு குடுத்துட்டு வந்தேன்.

மூணு வாரம் கழிச்சு அவிய வீட்டுக்குப் போனேன். எதுக்குப் போனேன்னா, அண்ணாச்சி வாசிக்கிற மாதிரி ஒரு போட்டோ வேணும், என் பக்கத்துல போடணும். பழம் வாங்கிட்டுப் போனேன். அண்ணாச்சி ரேஷன் கடைக்குப் போயிருந்தாவ. அவிய வீட்டம்மா ரத்தினபாய் அம்மா சேர்ல உக்காந்து கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தாவ. முட்டு வலி, எந்திரிக்க மாட்டாவ.

"ஏம்ப்பா, நீதான அந்த மைக்குல பேசுனவன்?"

"ஆமாம்மா."

"பழத்த அங்க வை. உக்காரு. அன்னைக்கு நீ பேசினத நான் கேட்டேன்லா. இன்னைக்கு நான் பேசுதேன், நீ கேளு."

சொன்னாவ. கல்யாணம் ஆகி மூணாவது வருஷம், எம்பத்தி மூணுல, பிரஸ்ல பேப்பர் வெட்டுற மிஷின் இறங்கி அண்ணாச்சி இடது கையில ரெண்டு வெரல எடுத்துட்டு. மோதிர வெரலும் சுண்டு வெரலும். அதுக்கு முன்னால கொயர்ல முன்னால நின்னு வாசிச்ச மனுஷன். பொறவு கோயில்ல வாசிக்கல. எங்க போனாலும் அந்தக் கைய துண்டுக்கு அடியிலயோ பைக்குள்ளயோ வச்சிக்கிடுவாவ. ஆனா வீட்டுல கிட்டார விடல.

"ரெண்டு வருஷம்ப்பா. சாயந்தரம் பிரஸ்ல இருந்து வருவாவ, ஒரு அரத்தையும் கண்ணாடிச் சில்லையும் வச்சிக்கிட்டு உக்காருவாவ. கழுத்துல ஒரு சுரண்டு சுரண்டுவாவ, பெருவெரல மேல கூடிப் போட்டுப் பாப்பாவ, எட்டாது. இன்னொரு சுரண்டு. மிச்சம் இருக்க ரெண்டு வெரல வச்சு ஆறு கம்பியப் புடிக்கணும்லா? ஒரு வெரலுக்கு ரெண்டு கம்பி அம்புடணும்னு அதுகள ஒட்டி நிப்பாட்டினாவ. பெருவெரலால ரெண்டு கம்பிய அமுக்க முடியலன்னு ஒண்ணக் கழத்திப் போட்டாவ. சத்து இல்லாத வெரலு அமுக்க முடியாதுன்னு கம்பியத் தாழ எறக்கினாவ. ஒவ்வொண்ணும் எத்தன நாளு. நீ ஒம்பது வாரத்துல எல்லாத்தையும் சரி பண்ணிட்ட."

அம்மா ஆஞ்ச கீரையத் தட்டுல போட்டுட்டு அடுத்த கட்ட எடுத்தாவ.

"நாலு வருஷமா என்னால கோயிலுக்குப் போக முடியல. காலையில அவிய வாசிப்பாவ, நான் பாடுவேன். எனக்குக் கோயிலு அதுதான். ஓசூர்ல இருந்து வந்தும் மூணு வாரமா அது இல்ல. காலையில பெட்டியத் தொறக்காவ, எடுத்து மடியில வைக்காவ, பொறவு மூடுதாவ. ஹெப்சி கேட்டா கண்ணு கூசுதுங்காவ. பிள்ள ஆசையாச் செஞ்சது, அதுகிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காவ."

சார், ஒங்ககிட்ட ஒண்ண மறைச்சிட்டேன். அன்னைக்கு மைக்குல வெவரங்கெட்டவன்னு மட்டும் நான் சொல்லல. அதுக்கு மேல ஒண்ணு சொன்னேன். போட்டோவக் காட்டிட்டு, கூட்டத்தச் சிரிக்க வைக்கணும்னு, "இதச் செஞ்சவன் கைய வெட்டணும்"னு சொன்னேன். அம்பது பேரு முன்னால. பொன்னாடைக்கு அடியில அந்தக் கைய வச்சிக்கிட்டு உக்காந்திருக்க மனுஷன் மொகத்துக்கு நேரா. நம்ம ஊர்ல சும்மா சொல்லுத பேச்சுதான், யாருதான் சொல்லல? டெய்லர் துணியக் கெடுத்தாச் சொல்லுதோம், பார்பர் முடியக் கெடுத்தாச் சொல்லுதோம். ஆனா நான் அதச் சொன்னது அவியகிட்ட. அத நெனச்சா இன்னைக்கும் நாக்கப் புடுங்கிக்கிடலாம்னு வருது. ரத்தினபாய் அம்மா அந்த வார்த்தையத் திருப்பி என்கிட்டச் சொல்லவே இல்ல. முன் வரிசையிலதான் இருந்தாவ, கேட்டிருப்பாவ. அவிய சொல்லாம விட்டதுதான் எனக்கு இன்னும் குத்துது.

அண்ணாச்சி ரேஷன் பையோட வந்தாவ. என்னையப் பாத்ததும் பைய இடது கைக்கு மாத்தி முதுகுக்குப் பின்னால கொண்டு போனாவ. பழக்கம். பொறவு அம்மா மொகத்தப் பாத்தாவ, என் மொகத்தப் பாத்தாவ, வெளங்கிட்டு. பையத் தரையில வச்சாவ.

நான் கால்ல விழப் போனேன். தோளப் புடிச்சு நிப்பாட்டிட்டாவ. "நீ என் கையப் பாத்தியா? இல்லேல்லா? பொறவு ஒனக்கு எப்படித் தெரியும்?"ன்னாவ. பாத்தியளா, அவியளே சொல்லிட்டாவ. என் மேல முழுத் தப்பும் இல்லன்னு அவியளே சொன்ன மாதிரிதான் அது. ஆனாலும் மனசு கேக்கல.

பழையபடி ஆக்கித் தாரேன்னு சொன்னேன். எப்படி ஆக்க? பழைய எலும்பத் தூரப் போட்டாச்சு. மெட்டப் புடுங்கி எறிஞ்சாச்சு. கழுத்துக்குழி எவ்வளவு ஆழம், எங்க தொடங்கி எங்க முடிஞ்சது, அவியளுக்கும் நெனப்பு இல்ல, கைக்குத்தான் தெரியும். அளவு இருக்க எடம் ஒண்ணே ஒண்ணுதான். அந்த போட்டோ. ஸ்கேல் வச்சு மில்லிமீட்டர் சுத்தமா எடுத்தேன்லா, அது.

பெருசாத் தெரியட்டும்னு என் பக்கத்தத் தொறந்து அண்ணாச்சி கையில போனக் குடுத்தேன். குடுத்த பொறவுதான் உறைச்சது. கீழ பூராக் கமெண்ட். வாங்கலாம்னு கைய நீட்டினேன். "இருக்கட்டும் தம்பி, ஆபரேஷன் பண்ணின கண்ணு, நல்லாத் தெரியுது"ன்னாவ. ஒவ்வொண்ணா வாசிச்சாவ. மெதுவா, புரூப் பாக்கிற மாதிரி. நான் எழுதின கொத்தனார் வரிய வாசிச்சாவ. ஆசாரியா கசாப்புக்காரனான்னு ஒருத்தன் கேட்டிருந்தான், அத வாசிச்சாவ. குடிச்சிட்டுச் செஞ்சிருப்பான்னு ஒருத்தன் எழுதியிருந்தான். "குடிக்கதெல்லாம் கெடையாது"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டாவ.

"இப்பமே அழிச்சிருதேன் அண்ணாச்சி"ன்னேன்.

"வேண்டாம். ஹெப்சி இத அவ ஸ்கூல் குரூப்ல எல்லாம் போட்டு வச்சிருக்கா. காணலன்னா ஏன்னு கேப்பா."

போன என்கிட்டத் தந்துட்டு, இடது கைய எடுத்து மேசை மேல வச்சாவ. விரிச்சு வச்சாவ. "அளந்துக்கோ"ன்னாவ.

நான் கிட்டார அளந்திருக்கேன், எலும்ப அளந்திருக்கேன். ஒரு மனுஷன் கைய அளந்தது அன்னைக்குத்தான். ஸ்கேல வைக்கவே எனக்குக் கூசுச்சு. நூலு வச்சு அளந்தேன்.

பதினோரு நாள் போனேன், ஹெப்சி பள்ளிக்கூடம் போன பொறவு. வீட்டுலயே வச்சு, அவிய பக்கத்துல உக்காந்து. நான் வச்ச ஒட்ட நானே செதுக்கினேன். ரேகை சேத்த ஒட்டு, அசையவே இல்ல சார், பாறை மாதிரி நின்னுச்சு. அம்புட்டு நல்ல ஒட்டு. அத அரை மில்லி அரை மில்லியா எடுத்தேன். அவிய பெருவெரலப் போட்டுப் பாத்து, இன்னும்னு சொல்லுவாவ, எடுப்பேன். போதும்னு சொன்னா நிறுத்துவேன். காடிய கோணலா வெட்டினேன். புது மெட்ட ஒரு பக்கமாச் சரிச்சு ராவினேன். ஆறாவது சாவியக் கழத்திட்டு மரக்கட்டைய அடிச்சேன். கடைசியில அரக்கு பாலிஷ் போட்டேன், வேண்டாம்னாவ, போட்டேன். பாலிஷ் போடாம என் கைய விட்டு ஒரு சாமான் போகாது.

முடிஞ்ச அன்னைக்கு அண்ணாச்சி வாசிச்சாவ. ரத்தினபாய் அம்மா பாடத் தொடங்கினாவ. கை தடுமாறுச்சு. அளவு சரிதான், ஆனா நூல் வச்சு அளந்தது வேற, நாப்பது வருஷம் தேஞ்சது வேற. அம்மா பாட்ட நிறுத்தல. அவிய கைக்குத் தக்கன மெதுவாக்கினாவ. ஒரு வரி பாடுவாவ, கை வார வரைக்கும் காத்துக்கிட்டு இருப்பாவ, பொறவு அடுத்த வரி. நான் அரத்தையும் உப்புத்தாளையும் பையில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். எந்திரிச்சுப் போகவும் முடியல, இருக்கவும் முடியல.

"மொதல்ல ரெண்டு வருஷம் ஆச்சு தம்பி. இப்பம் ரெண்டு மாசத்துல வந்துரும்"னாவ அண்ணாச்சி. வந்துட்டு. அத ஒத்துக்கிடணும்.

ஹெப்சி கேக்காம இருக்குமா? ஒரு நாள் நான் அவிய வீட்டுல இருக்கும்போது கிட்டார எடுத்துத் திருப்பிப் பாத்துட்டு, இது என்ன அண்ணே கழுத்துல இப்படின்னு கேட்டுச்சு. நான் சொல்ல வாயெடுத்தேன். நெசமாத்தான், சொல்லணும்னுதான் வாயெடுத்தேன். அதுக்குள்ள அண்ணாச்சி, "என் கைக்கு வாக்கா இருக்கட்டும்னு தம்பி செஞ்சு தந்திருக்கு"ன்னுட்டாவ. ஹெப்சி நம்பிட்டு. அதே குழி சார், அதே எடம். போட்டோவுல அதத்தான் கொலைன்னு ஊரு பூராக் காட்டினோம். அழுக்கும் அரத்தடமுமா இருந்தா அது கொத்தனார் வேல, பாலிஷ் போட்டா அது மணி செஞ்ச டிசைன். அந்தப் பிள்ள என் கையப் புடிச்சிக்கிட்டு அழுதுட்டு. "எங்க அப்பா கைய இதுவரைக்கும் யாரும் இப்படி யோசிச்சதில்லண்ணே"ன்னுச்சு. நான் அண்ணாச்சியப் பாத்தேன். அவிய ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தாவ. என்ன சொல்லச் சொல்லுதிய? சொல்லக் கூடாதுன்னு பெரியவரு சொல்லியிருக்காரு, மீறலாமா? அப்படித்தான் நெனச்சு வாய மூடிக்கிட்டேன். அவியளுக்காகத்தான் மூடினேன்னு அன்னைக்குச் சொல்லிக்கிட்டேன். என் கடை போர்டுக்காகவும்தான்.

நவம்பர்ல அவிய சர்ச்சுல அசனம். ஊரே கூடி கோயில் வளாகத்துல சோறு ஆக்கிச் சாப்பிடுவாவ, சாதி சனம் வேத்துமை கெடையாது. அவசியம் வரணும்னு ஹெப்சி கூப்பிட்டுச்சு. வேட்டி கட்டிக்கிட்டுப் போனேன். ரத்தினபாய் அம்மாவச் சேரோட தூக்கிக் கொண்டு வந்து உக்கார வச்சிருந்தாவ. காலை ஆராதனையில, ஆண்டவர் செஞ்ச நன்மையச் சாட்சியாச் சொல்லுதவிய சொல்லலாம்னு ஐயர் சொன்னதும் ஹெப்சி எந்திரிச்சுட்டு.

"எங்க அப்பா ஆபரேஷனுக்குப் பொறவு கிட்டாரத் தொடல. மூணு மாசம் வீட்டுல பாட்டுச் சத்தமே இல்ல. எங்க அம்மா மொகத்தப் பாக்க முடியல. அப்பம் மணி அண்ணே வந்தாவ. யாரும் கூப்பிடல, அவியளா வந்தாவ. பதினோரு நாள் எங்க அப்பா பக்கத்துல உக்காந்து, அப்பா கைக்குன்னே ஒரு கழுத்த யோசிச்சு, செதுக்கித் தந்தாவ. நாப்பது வருஷமா எங்க அப்பா மறைச்சு வச்சிருந்த கைய, ஒரு மனுஷன் புடிச்சுப் பாத்து அளந்தாருன்னா, அது ஆண்டவர் அனுப்பின ஆளுதான்"னு சொல்லிச்சு. சொல்லும்போதே குரல் உடைஞ்சிட்டு. பொம்பளைய பல பேரு முந்தானைய எடுத்துக் கண்ணத் தொடச்சாவ.

ஐயர் நேரா என்கிட்ட வந்து மைக்க நீட்டினாரு. "ரெண்டு வார்த்த சொல்லுங்க தம்பி."

எந்திரிச்சேன். ஐந்நூறு பேரு. இப்பம் சொல்லிரணும்னு நெனச்சேன். அந்தக் கழுத்த யோசிச்சது நான் இல்ல, ரெண்டு வருஷம் கண்ணாடிச் சில்ல வச்சுச் சுரண்டினது அவிய, கெடுத்தவன் நான், கைய வெட்டணும்னு சொன்னவன் நான். நாலே நாலு வரி. மே மாசம் யாரும் கேக்காமலே மைக்கப் புடுங்கி அரை மணி நேரம் பேசினவன் சார் நான். அன்னைக்கு நாலு வரி வரல. "எல்லாம் அண்ணாச்சியோட ஆசீர்வாதம்"னு சொல்லிக் கும்பிட்டேன். அடக்கமான ஆளுன்னு நெனச்சிட்டாவ. கோயில் பூராக் கை தட்டினாவ.

மூணாவது பெஞ்சுல அண்ணாச்சி. தோள்ல துண்டு, துண்டுக்கு அடியில அந்தக் கை. என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாவ. பொறவு துண்ட எடுத்து மடியில போட்டாவ. அந்தக் கைய வெளிய எடுத்து, அத்தன சனத்துக்கு முன்னால, அவியளும் எனக்குத் தட்டினாவ.